கயிறு இல்லாத முத்துக்குளி

மச்சான்,

மாதா கோயில் திருவிழாக் கடையில் இன்று நம் விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தேன். பலூனுக்கும் ஊதலுக்கும் நடுவில் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. மூடியைத் திறந்ததும் மட்டமான பசை வாடை. அட்டையில் நீ வரைந்த சுறா, நீ வரைகிற எல்லாச் சுறாவையும் போலப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே நம் இருவர் பெயரும். "வாங்குங்க அண்ணாச்சி. பரமபதம் மாதிரிதான், சின்னப் பிள்ளையும் வெளையாடும்" என்றார் கடைக்காரர். பெட்டியை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். பாவம், அவர் என்ன செய்வார்? என் கோபமெல்லாம் உன் மேல்தான். நீ போன பிறகு வருகிற முதல் திருவிழா இது. இன்றைக்குக்கூட உன்னோடு சண்டை போடத்தான் தோன்றுகிறது.

நாம் செய்தது பரமபதமா? அந்த மழைக்காலத்தில் தோணிகளெல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. நீ அவற்றுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாய். நான் துறைமுகத்தில் மூட்டை எண்ணிவிட்டு நேராக உன் பெயின்ட் வாடைக்குள் வந்து உட்காருவேன். பழைய காலண்டரின் முதுகில் நீ ஒரு படகும் அதன் கீழே கடலும் வரைந்து, கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்தாய். "ஏலே, இந்தக் கட்டமெல்லாம் மூச்சு" என்றாய். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அப்போதெல்லாம் நீ சொல்வது எனக்கு உடனே விளங்கும்.

ஒருவன் கடலில் மூழ்கி முத்தெடுக்கிற குளியாள், ஒருவன் படகில் கயிறு பிடிக்கிறவன். குளியாளின் மணிக்கட்டில் சணல் கயிறு, மறுமுனை மற்றவன் கையில். குளியாள் கண்ணை மூடிக்கொண்டு துணிப்பைக்குள் கைவிட்டுச் சிப்பி எடுப்பான். ஒவ்வொரு சிப்பிக்கும் மற்றவன் சோழி உருட்டி, விழுந்த அளவு மூச்சைக் கட்டத்தில் குறைப்பான். மிச்சம் எவ்வளவு என்று குளியாளுக்குத் தெரியாது. பேசவும் கூடாது. மூச்சு தீருமுன் மற்றவன் கயிற்றை இழுத்துவிட்டால் எடுத்ததெல்லாம் குளியாளுக்கு, தீர்ந்துவிட்டால் எல்லாம் கடலுக்கு. பயம் வந்தால் குளியாள் ஒரு தடவை கயிற்றைச் சுண்டிக் காட்டலாம், அவ்வளவுதான் அவனுக்கு உள்ள உரிமை.

நீ ஒரு நாளும் சுண்டியதில்லை. "ஏலே, ஒரு தடவையாவது சுண்டித் தொலையேன், எனக்குப் படபடன்னு வருது" என்பேன். "நீ பாத்துக்கிட்டுத்தானல இருக்க? பெறவு நான் எதுக்குச் சுண்டணும்?" என்பாய், கண்ணைத் திறக்காமலே.

கயிறு பிடிக்கிறவனுக்கு என்ன கிடைக்கும் என்று நாம் விதியில் எழுதவே இல்லை. அப்படி ஒரு கேள்வி நமக்கு எழவில்லை. நம் கடலில் முத்துக் குளித்த காலம் முழுக்கக் கயிறு பிடித்தது மச்சான்தானே. உன் அப்பாவுக்குக் கயிறு பிடித்தது உன் தாய்மாமா. கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்கும்போது எவன் அசந்திருப்பான்? நம் தெருவே அந்த மழைக்காலத்தில் விளையாடியது. ஒருவன்கூட வேண்டுமென்று கயிற்றைத் தளரவிடவில்லை.

பிறகுதான் மெட்ராஸ் கம்பெனி வந்தது. கேரம் போர்டும் பரமபதமும் விற்று அலுத்துப்போய், வெளியாட்களோடு கூட்டுச் சேர்ந்து புது விளையாட்டுகள் கொண்டுவரப் போகிறார்களாம். விளையாட்டு நம்முடையது, அச்சும் விற்பனையும் அவர்களுடையது, பெட்டியில் நம் பெயரும் இருக்கும். நீ தோணிக்கு எழுதுகிற எழுத்தில் நம் பெயர்களை எழுதி எழுதிப் பார்த்தாய். உன்னைக் கட்டிய என் தங்கச்சி, "கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இவ்வளவு மெனக்கெடலியே" என்று உன்னைக் கேலி செய்தாள்.

மெட்ராஸ் ஆபீசில் மேனேஜர் தன் ஆட்கள் இருவரை விளையாட உட்காரவைத்தார். விற்பனைக்காரர் கண்ணை மூடிச் சிப்பி எடுத்தார். கணக்குப்பிள்ளை கயிறு பிடித்தார். மூச்சு பாதிக்குக் கீழே இறங்கியது. இன்னும் இறங்கியது. கணக்குப்பிள்ளை நம்மைப் பார்த்துச் சிரித்து, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். மூச்சு தீர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஏன் சார் இழுக்கலை?" என்றார் விற்பனைக்காரர்.

"இழுத்தா முத்து உங்களுக்கு. எனக்கு என்ன லாபம்?"

உன் முகம் போன போக்கு எனக்கு மறக்காது. நான் முந்திக்கொண்டு, "எடுக்குற முத்துல ரெண்டு பேருக்கும் பாதிப் பாதின்னு ஒரு வரி சேத்துட்டா சரியாப் போயிரும் சார்" என்றேன். "அட, நல்லா இருக்கே" என்றார் மேனேஜர். காரியம் முடிந்திருந்தது மச்சான்! ஒரே ஒரு வரி. நீ எழுந்தாய். விற்பனைக்காரரின் மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாய். "கயிறு வேண்டாம் சார். எடுத்துருங்க" என்றாய். கயிறு போனால் செலவு மிச்சம், மேனேஜருக்கு வலிக்குமா?

ரயிலில் உன்னை விடவில்லை நான். "ஏன்ல அப்படிச் சொன்ன?"

"பாதி குடுத்தாத்தான் இழுப்பான்னா அது கயிறு இல்லல, கூலி."

"இது வெளையாட்டுதானல, கடலா?"

"எங்கப்பா கடல்லருந்து உசுரோட மேல வந்ததும் வெளையாட்டா?"

அதற்குப் பிறகு மணியாச்சி ஸ்டேஷன் வரை, தண்ணீருக்குள் போனவனைப் போல ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாய்.

கயிறு போனதும் அவர்கள் அதைப் பரமபதமாக்கி, பாம்பு இருந்த இடத்தில் சுறாவையும் ஏணி இருந்த இடத்தில் முத்தையும் போடச் சொன்னார்கள். மறுபேச்சில்லாமல் வரைந்து கொடுத்தாய். பெட்டியிலிருந்து நம் பெயரையாவது எடுக்கச் சொல்லலாம் என்றேன், நீ பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டாய். வீம்பு பிடித்தவன் நீ. ஒன்றைப் பாதியாகக் காப்பாற்றுவதைவிட முழுசாக இழப்பது உனக்கு லேசாக இருந்தது. அந்தப் பாதிப் பங்கில் என்ன பாவம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளக்கவும் நீ இல்லை.

கடைசியாக நாம் விளையாடிய சாயங்காலம் நீ நெஞ்சைத் தடவிக்கொண்டே சிப்பி எடுத்தாய். "என்னல?" என்றேன். "வாயு" என்றாய். வெகுநாளாக வலி இருந்திருக்கிறது, வீட்டிலும் சொல்லவில்லை என்பது அடக்கம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. "அண்ணே, ஒங்கிட்டயாவது சொன்னாவளா?" என்று தங்கச்சி கேட்டாள்.

பெட்டியை வாங்கி வந்துவிட்டேன். இன்னொரு வீட்டில் அது பரமபதமாக இருக்க வேண்டாம். அன்று நீ சுருட்டிய சணல் கயிறு என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. வலி வந்தபோது நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேனே என்று கண்ணை மூடிக்கொண்டு பையைத் துழாவியிருப்பாய். காலண்டர் அட்டையில் உன் மூச்சு எனக்குக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. உன் நெஞ்சுக்குள் எனக்கு என்ன தெரியும்?

ஒரு தடவை சுண்டியிருக்கலாம்ல மச்சான்.