என் பெயரில் இரண்டு சீட்

சேசு மரி சூசை துணை

சூரமங்கலம், சேலம்
9 பிப்ரவரி 2025

தங்கச்சி ரெஜினாளுக்கு,

அக்கா இன்னாசிமேரி எழுதுவது. நீ நன்றாகத்தான் இருப்பாய், அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், நீ கட் பண்ணிவிடுவாய். எழுதினால் முழுசாகப் படிப்பாய் அல்லவா?

மெர்லின் பிரசவத்துக்கு நீ அயர்லாந்து போகிறாயாம். டிக்கெட்கூடப் போட்டாயிற்றாம். பெற்றவளுக்கு இது எப்படித் தெரிந்தது தெரியுமா? போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது சாலம்மாள்தான் சொன்னாள். "ஏனுங்கக்கா, உங்க தங்கச்சி பிளேன் ஏறுதாமே, நீங்க போகலீங்களா?" என்றாள். "அவளே போகட்டும், எனக்கு ஊட்டு வேலை கெடக்குது" என்று சிரித்துவிட்டு வந்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மெர்லினைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அம்மா, உனக்கு ஒரு சீட் பத்தாது. கைப்பிடி கீழ எறங்கலன்னா ரெண்டாவது சீட் வாங்கணும்னு சட்டம் வெச்சிருக்காங்க. அவ்வளவு தூரம் உன்னால முடியாது. சித்தின்னா சிரமமில்ல" என்கிறாள்.

போன வருஷம் மாப்பிள்ளை ஆண்ட்ரூஸின் தங்கை கல்யாணத்துக்கு நானும் மெர்லினும் மும்பை போய் வந்தோமே, அதைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறாள். பக்கத்து சீட்டுக்காரன் என்னால் தனக்கு இடமில்லை என்று கத்தினான். விமானப் பணிப்பெண் வந்து என்னை எழுப்பி நிற்கவைத்து, "அடுத்த வாட்டி ரெண்டு சீட் போட்டுட்டு வாங்கம்மா" என்றாள். விமானமே திரும்பிப் பார்த்தது. மெர்லின் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீ சின்ன வயதிலிருந்தே ஒல்லி. எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. அது உன் அதிர்ஷ்டம். ஆனால் என் பேத்தியையோ பேரனையோ முதலில் கையில் வாங்குவதும் உன் அதிர்ஷ்டமாகிவிட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. உனக்குப் பிள்ளை இல்லையே என்று மெர்லினை ஒவ்வொரு லீவுக்கும் எருமப்பட்டிக்கு அனுப்பினேன். போனவள் பாதி உன் மகளாகத் திரும்பி வந்தாள். இப்போது மீதியையும் எடுத்துக்கொள்.

கோபத்தோடு,
இன்னாசிமேரி


எருமப்பட்டி
15 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை என் வீட்டுக்காரர் பண்ணையில் முட்டை லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது தபால்காரர் அவரிடம் கொடுத்திருக்கிறார். பிரிக்காமல் கொண்டுவந்து தந்தார். நான் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். "என்னவாம்?" என்றார். "ஒண்ணுமில்லீங்க, சுகமான்னு கேட்டிருக்கா" என்றேன்.

மெர்லின் என்னைக் கூப்பிட்டதும், "அம்மாகிட்டச் சொல்லிட்டியா சாமி?" என்றுதான் முதலில் கேட்டேன். "நான் பாத்துக்கறேன் சித்தி" என்றாள். சாலம்மாள் முந்திக்கொள்வாள் என்று நான் கண்டேனா?

நீ போகாதே என்று எழுது, நான் போகவில்லை. ஆனால் அங்கே அவள் தனியாகக் கிடப்பாள். மாப்பிள்ளைக்கு இரவு ஷிப்ட். யோசித்துச் சொல்.

போவதானால் உன் கையால் அரைத்த பிரசவ மருந்துப் பொடியும், குழந்தைக்குச் சுற்ற உன் பழைய நூல் சேலைத் துணியும் கொடுத்தனுப்பு. பெரிய பெட்டி மெர்லின் கேட்ட சாமானிலேயே நிறைந்துவிட்டது. உன்னுடையதைக் கையில் கொண்டுபோகும் பையில் வைத்துக்கொள்கிறேன். அதில் ஏழு கிலோதான் விடுவார்களாம். ஆகவே பார்த்துக் கட்டு.

உன் தங்கை,
ரெஜினாள்


கார்க், அயர்லாந்து
24 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பெண் குழந்தை பிறந்ததை உனக்குப் போனில் சொல்லிவிட்டார்கள். மற்றதை நான் எழுதுகிறேன். போனை மெர்லின் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். எதையும் மனம்விட்டுப் பேச முடிவதில்லை.

போகாதே என்று நீ எழுதவில்லை, மூட்டைதான் வந்தது. பார்த்துக் கட்டு என்று சொன்னேன், நீ கேட்கவில்லை. பெங்களூரில் விமானத்துக்குள் போகிற வாசலில் என் பையைத் தராசில் வைத்தார்கள். ஏழு கிலோ எங்கே, பதினொன்று காட்டியது. "எடுத்து வெளிய போடுங்க, இல்லன்னா கார்டுல கட்டணம் கட்டுங்க" என்றான் தராசு பக்கம் நின்ற பையன். என்னிடம் ஏது கார்டு? என் வீட்டுக்காரரோ அதற்குள் ஊர் பஸ் ஏறிவிட்டார். குப்பைத் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. உன் மூட்டையைப் போட்டால் சரியாகிவிடும். போட மனம் வரவில்லை. பாத்ரூமுக்குள் போய், கட்டியிருந்த சேலைமேல் இன்னும் இரண்டு சேலையைச் சுற்றினேன். அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் மாப்பிள்ளைக்கு வாங்கிய ஜெர்கின், அதன்மேல் என் குளிர்க் கோட்டு. வெளியே வந்தபோது அந்தப் பையனே சிரித்துவிட்டான். ஆனால் உள்ளே விட்டான்.

அக்கா, அந்த சீட்டில் நான் எப்படி உட்கார்ந்தேன் தெரியுமா? கைப்பிடி பாதியில் நின்றது. பெல்ட் எட்டவில்லை. பணிப்பெண் நீட்டுப் பெல்ட் ஒன்றை எல்லோரும் பார்க்கத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டினாள். பக்கத்திலிருந்தவர் பெருமூச்சு விட்டு முழங்கையைச் சுருக்கிக்கொண்டார். அது போதாதா? விமானம் கிளம்பியதும் பாத்ரூமில் போய் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். கழற்றும்போது அழுகை வந்தது. நான் கழற்றிவிட்டேன், நீ எதைக் கழற்றுவாய்?

பிரசவம் கஷ்டமானதுதான். மெர்லின் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள், இன்னும் விரல் வீக்கம் வடியவில்லை. ஆனால் கூப்பிட்டதெல்லாம் "அம்மா, அம்மா" என்றுதான். ஒரு தடவைகூடச் சித்தி என்று வரவில்லை. எனக்கு அது கொஞ்சம் வலித்தது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

நேற்றுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் தானாகச் சொன்னாள்: "அம்மாவ அந்த மாதிரி இன்னொருக்கா யாராச்சும் எழுப்பி நிக்கவெச்சா என்னால தாங்க முடியாது சித்தி. அதான் வேண்டாம்னேன்."

குழந்தையை உன் சேலைத் துணியில்தான் சுற்றியிருக்கிறோம்.

ரெஜினாள்


சூரமங்கலம், சேலம்
3 மே 2025

தங்கச்சி ரெஜினாளுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். மூன்று சேலையோடு நீ நின்ற கோலத்தை நினைத்துச் சிரித்தேன், அப்புறம் அழுதேன், அப்புறம் மறுபடியும் கோபம் வந்தது.

மெர்லினால் தாங்க முடியாதாம். நின்றது நான். அவமானப்பட்டது நான். தாங்குவதா வேண்டாமா என்று அவள் எப்படி முடிவெடுக்கலாம்? என்னை ஒரு வார்த்தை கேட்டாளா?

நீங்கள் அனுப்புகிற போட்டோவில் எல்லாம் குழந்தை உன் தோளில்தான் இருக்கிறது. இங்கே காட்டினால், "மூக்கு சின்னப்பாட்டி மூக்கு" என்கிறார்கள். வயிறு எரிகிறது ரெஜினா. உன் முகத்தை விரலால் மறைத்துக்கொண்டு குழந்தையை மட்டும் பார்க்கிறேன். இதை யாரிடம் சொல்ல முடியும்? உன்னிடம்தான் சொல்ல முடிகிறது.

அதனால் ஒரு வேலை செய்தேன். மெர்லினோடு சண்டை போட்டுக் காகிதங்களை வாங்கி விசாவுக்குக் கொடுத்தேன், வந்துவிட்டது. ஜங்ஷன் பக்கம் டிக்கெட் போடுகிற கடைக்கு நானே போனேன். கடை நிறைய ஆட்கள். போன வருஷமாக இருந்தால் வாசலோடு திரும்பியிருப்பேன். "தம்பி, நான் ஒரு ஆள்தான், எனக்கு ரெண்டு சீட் வேணும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தத் தம்பி விமானக் கம்பெனிக்குப் போன் போட்டு, இரண்டும் ஒட்டினாற்போல, நடுக் கைப்பிடி மேலே மடங்குகிற சீட்டாகக் கேட்டு வாங்கினான். நீட்டுப் பெல்ட்டுக்கும் எழுதிவைத்தான். டிக்கெட்டில் என் பெயர் இரண்டு தடவை இருக்கிறது. இரண்டு சீட்டுக்கும் சேர்த்துக் கைப்பை ஒன்றுதானாம், அதுதான் என்ன நியாயம் என்று தெரியவில்லை.

28 மே பகலில் அங்கே வந்து இறங்குகிறேன். நீ அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதே. ஒரு வாரமாவது சேர்ந்திருப்போம். ஆனால் நான் வந்த பிறகு குழந்தையைக் குளிப்பாட்டுவது நான்தான். இப்போதே சொல்லிவிட்டேன்.

அக்கா,
இன்னாசிமேரி


கார்க்
28 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இதைச் சமையலறையில் நின்று படிப்பாய். மாப்பிள்ளை காலையில் என்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு, அங்கேயே காத்திருந்து உன்னைக் கூட்டிவருவார். நீ இறங்குவதற்குள் நான் ஏறியிருப்பேன். மெர்லின் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "பண்ணையில கோழிக்குச் சீக்கு, உன் சித்தப்பா தனியாத் தடுமாறுறாரு" என்று சொல்லியிருக்கிறேன். அவளிடம் அப்படியே இருக்கட்டும். கோழிக்கு ஒன்றும் இல்லை.

நீ மட்டும்தான் பொறாமைப்படுவாய் என்று நினைத்தாயா அக்கா? நீ வாசலில் கால் வைத்ததும் இந்தப் பிள்ளை உன் மடிக்குப் போய்விடும். போகத்தான் வேண்டும், நீ பாட்டி. உன் மடி அகலம், என்னுடையது எலும்பு. மெர்லினும் சின்ன வயதில் லீவு முடிந்து போகும்போது, பஸ்ஸுக்கு நிற்கையிலேயே உன்னைப் பற்றித்தான் பேசுவாள். அப்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நின்று கையசைத்துவிட்டு வந்துவிடுவேன். இந்த முறை நின்று பார்க்கத் தெம்பில்லை.

இரண்டு சீட் போட்டு நீ வருகிறாய் என்று கேட்டு மெர்லின் என்ன சொன்னாள் தெரியுமா? "எங்கம்மாவப் பாத்தியா சித்தி!" என்றுவிட்டு மாப்பிள்ளையிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அப்படி ஒரு முகம் என்னால் அவளுக்கு வந்ததில்லை.

நீ ஊருக்குத் திரும்பியதும் எனக்குப் போன் பண்ணாதே. கொஞ்ச நாள் போகட்டும். அப்புறம் நானே சேலத்துக்கு வாரேன்.

பிள்ளைக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், நம் ஊர்ச் சூடு வேண்டாம். சாயங்காலம் காரணமில்லாமல் அழும். பசி என்று நினைத்துக்கொள்ளாதே. இடது தோளில் போட்டு, முதுகைத் தட்டாமல் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே நட. உடனே தூங்கிவிடும். இது மெர்லினுக்குக்கூடத் தெரியாது, நானாகக் கண்டுபிடித்தது. இது ஒன்றையாவது என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். பிள்ளை அழுமே.

உன்
ரெஜினாள்