இரண்டு நிமிடத்தில் தூங்கும் கம்ப்யூட்டர்

ஸ்ரீவில்லிபுத்தூர்
12.2.1999

அன்பு மகள் பரிபூரணத்துக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், புனேயில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சுகமில்லாதது கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ டைப்பிங் கடையில் வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர்தான். இரண்டு நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானாகத் தூங்கிவிடும், கரண்டு மிச்சம் என்று பெருமையடித்தாயே, உன் சொல்லைத் தட்டாமல் நன்றாகத் தூங்குகிறது. முதல் நாள் திரை இருண்டதும் கரண்டு போய்விட்டது என்று அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டார், தலைக்கு மேல் காற்றாடி சுற்றியதைப் பார்க்கவே இல்லை. அது தூங்குகிறது, ஒரு எழுத்தைத் தட்டினால் எழுந்துவிடும் என்றேன். பகலில் தூங்குகிறவனை நான் வேலைக்கு வைத்ததே இல்லை என்று அதற்கு ஒரு வசவு.

அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். டீ குடிக்கப் போகும்போது ஸ்டேப்ளரைத் தூக்கி 'ம' எழுத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார். வந்து, கவனிக்காமல் பிரிண்ட் கொடுத்தால் கான்சாபுரம் சிவனாண்டியின் வாய்க்கால் வழக்கு மனுவில் பக்கம் பக்கமாக ம ம ம ம. அவனுடைய வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, எதிராளி சொன்னதுக்கெல்லாம் நம்ம ஆளு ம் கொட்டுதான் போல என்றாராம். கோர்ட்டு வாசலே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லையடி. கடையைப் பக்கத்துக் கடைச் சந்தனத்திடம் கொடுத்துவிடப் போகிறேன் என்று சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். இதற்குப் போயா என்று கேட்டேன். "ஏட்டி, எனக்கு ஏலலங்கறது இந்த மிஷினுக்கே தெரிஞ்சு போச்சு" என்றார். ஐப்பசியில் வாதம் வந்த கை உனக்குத் தெரியும். வக்கீல் கிறுக்கலை வாசித்து, மரத்த விரலை நீவிவிட்டு, எழுத்தைத் தேடுவதற்குள் திரை இருண்டுவிடுகிறது. நீ வைத்த இரண்டு நிமிடம் உன் கைக்குப் போதும் மகளே, அவருக்குப் போதாது. அந்தக் கடையும் இல்லையென்றால் மனுஷன் படுத்துவிடுவார்.

அதனால் அரை மணி நேரம் விழித்திருக்கும்படி மாற்ற எந்தப் படத்தை அமுக்க வேண்டும், பிறகு எதை என்று எனக்குப் புரிகிற தமிழில் எழுது. கடை சாவி என்னிடமும் ஒன்று இருக்கிறது. கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காப்பார், வேளைக்குச் சாப்பிடு, இராத்திரி வேலை என்று உடம்பைக் கெடுக்காதே. பதிலை மட்டும் எதிர்வீட்டுக் கிருபாபாய் அக்கா பெயருக்குப் போடு. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், தன் விரல் வேகமாகிவிட்டது என்றே அவர் நினைத்துக்கொள்ளட்டும்.

முத்தங்களுடன்
உன் அம்மா
ஞானபாக்கியம்