தோண்டிய இடம்

அன்புள்ள சசிக்கு,

அப்பாவின் பேச்சை மீறி அப்ஹமைக் கல்யாணம் செய்த பிறகு ஒரே ஒருமுறை வந்தாய். அப்பா இறப்பர்மரப் பலகையில் செதுக்கியிருந்த நம் குடும்பப் படத்தைப் பார்த்து, "ஏம்மா, அப்பா என்னை மட்டும் தோண்டி எடுத்துட்டாரு?" என்று கேட்டாய். கோபத்தோடு அன்றே கிளம்பிவிட்டாய். அப்புறம் அவருடைய சாவுக்கும் நீ வரவில்லை.

நேற்று கேகாலையில் பழம்பொருள்கள் வைத்திருக்கும் ஒரு சின்ன நூதனசாலையில் அப்பாவின் நினைவாக விழா வைத்தார்கள். அவருடைய உளிகளும் பலகைகளும் மேசையில் இருந்தன. வந்தவர்கள் அச்சடித்துப் பார்க்கலாம் என்றார்கள். நின்று நின்று எனக்குக் கால் வீங்கிவிட்டது.

நம் தோட்டத்து லயத்துச் சுப்பம்மா அந்தக் குடும்பப் படப் பலகையை எடுத்து மை உருட்டினாள். அப்பா அதை ஒருநாளும் அச்சடித்ததில்லை. தாளை அழுத்தி உரித்தவள் கத்திவிட்டாள்: "ஆத்தாடி! டீச்சரு, நீங்களும் ஐயாவும் கரிச்சட்டி மாதிரி இருக்கீங்க. நம்ம சசி மட்டுந்தான் வெளிச்சமா நிக்கிறா!"

நான் நாற்காலி கேட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தோண்டிய இடத்தில் மை ஒட்டாது. அச்சுக்காரரின் மகள் நீ, கோபத்தில் அதை மறந்துவிட்டாய். எனக்கும்தான் தோன்றவில்லை.

நான் சொன்னால் நம்பமாட்டாய். ஒரு உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, நடுவில் கொஞ்சம் தோண்டி, மை தடவித் தாளில் அழுத்திப் பார்.

உன் அம்மா