சலங்கை இல்லாமல் ஒரு நடை

வைகாசி, ஞாயிறு இரவு.

குதிரையின் கால் சலங்கையை அவிழ்த்துவிட்டுப் பார்ப்பது என்று, இரண்டு காபிக்கும் நீண்ட ஆலோசனைக்கும் பின் இன்று காலை தீர்மானித்தேன். எங்கள் குடும்ப வரலாற்றில் இத்தனை துணிச்சலான முடிவு இதுவரை எடுக்கப்பட்டதில்லை.

குதிரை தம்பி முருகேசனுடையது. கல்யாண ஊர்வலங்களில் மேளத்துக்கு ஆடுவது. இடது முன்னங்கால் நொண்டி, மூன்று வாரமாகக் கட்டிக் கிடந்தது. சலங்கைச் சத்தம் கேட்டால் ஆடத் தொடங்கிவிடும், அதைக் கழற்றித் தார் ரோட்டில் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார் கால்நடை டாக்டர். வலிக்கிற கால் தரையில் படும்போதெல்லாம் தலையைத் தூக்கினால் இன்னும் குணமாகவில்லை என்று அர்த்தமாம்.

முருகேசன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினான். இடது கால் பட்டபோதெல்லாம் தலை மேலே போனது.

"இன்னும் வலிக்குதுடா. தலையைப் பாரு."

"அந்தத் தலையாட்டத்தப் பாக்கத்தாண்ணா நம்மளக் கூப்புடறாங்க. நீங்க வேற."

மாலை பாப்பாரப்பட்டியில் என் சம்பந்தி வீட்டு மாப்பிள்ளை அழைப்பு. குதிரைக்கு ஏற்பாடு செய்ததும் நான்தான். சலங்கையை நானே திரும்பக் கட்டினேன்.

ஊர்வலத்தில் எல்லோரும் செல்போனில் படம் பிடித்தார்கள். இது இவ்வளவு அழகாக ஆடிப் பார்த்ததில்லை என்றார் சம்பந்தி.

மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை இறங்கிய பிறகு, குதிரை இடது முன்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை.