எட்டுத் துண்டு ரொட்டியும் ஒரு பொம்மையும்

சான் அன்டோனியோ, டெக்சாஸ்
5 அக்டோபர் 1996

அன்புள்ள ஹசிந்தா அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமா? ஆறு வருஷமாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து தவிர ஒரு வரி எழுதாதவள் இன்று பக்கம் பக்கமாக எழுதுகிறாளே என்று பயப்படாதே. சந்தோஷச் செய்திதான். என் பாட்டுகள் புத்தகமாக வருகின்றன!

என் வகுப்பில் எல்லை தாண்டி வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் பதினோரு பேர். மற்றவர்கள் கேலி செய்வார்கள் என்று, சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தை அரைத்துச் சுட்ட ரொட்டியை மதியம் கையால் மறைத்துக்கொண்டு தின்பார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் கரும்பலகையில் எழுதினேன்:

சோளமே சோளமே
சுண்ணாம்பில் குளிச்சியா?
தோலை உரிச்சுப் போட்டு
ரொட்டியாய்க் குதிச்சியா?

மறுநாள் ஒருத்தி டப்பாவை மேசை நடுவில் திறந்து வைத்து, "டீச்சர், இது குளிச்ச சோளம்" என்றாள். அப்புறம் நான் நிறுத்தவே இல்லை. கள்ளிக்கு, மிளகாய்க்கு, கொக்கோவுக்கு, பூசணிப்பூவுக்கு என்று இருபத்திரண்டு பாட்டு ஆகிவிட்டது.

படம் போடப் பதிப்பகத்தார் பிடித்த ஓவியர், கள்ளிச் செடியடியில் பெரிய தொப்பிக்காரன் ஒருவனைத் தூங்கவைத்திருக்கிறார்; நம் ஊர்க்காரர் என்றாலே சோம்பேறி என்று இங்கே நினைப்பு. நம் சோலூலாவில் கடைச் சுவருக்கெல்லாம் படம் எழுதுகிறவள் என் அக்கா, அவள்தான் போடவேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஜனவரி முடிவதற்குள் உன் படங்கள் வராவிட்டால் தொப்பிக்காரன்தான். பாட்டுகளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

உன் தங்கை,
நேலிடா


சோலூலா
30 அக்டோபர் 1996

என் செல்லத் தங்கை நேலிடாவுக்கு,

செத்தவர்களை வீட்டுக்கு அழைக்கிற ஆத்துமாக்கள் திருநாள் நெருங்கிவிட்டது. ரொட்டிக் கடைக் கண்ணாடிகளில் மண்டையோடு எழுதி எழுதி விரல் மரத்துப்போயிருக்கிறது. ஆனாலும் உன் பாட்டுகளை ஒரே மூச்சில் படித்தேன். உன் அத்தான் கள்ளிப் பாட்டைச் சந்தை வரைக்கும் பாடிக்கொண்டு போகிறார். "தொப்பிக்காரன் தூங்குறானாமா? முள்ளு சீவுறவளுக்குத் தூங்க ஏதுடீ நேரம்?" என்று கேட்கிறாள் சந்தையில் கறிக்குக் கள்ளி விற்கிற கிழவி.

படம் போடுகிறேன். போடாமல் இருந்தால் என் கை சும்மா இருக்காது. ஆனால் ஒரு நிபந்தனை. பத்தொன்பதாவது பாட்டை எடுத்துவிடு.

வட்ட ரொட்டி வெட்டினோம்,
வந்தது பொம்மை யாருக்கு?
எட்டுத் துண்டும் தின்னாச்சு,
இன்னும் காணோம், ஏன் அக்கா?

இதற்கு என்னால் படம் போட முடியாது.

அன்புடன்,
ஹசிந்தா


சான் அன்டோனியோ
20 நவம்பர் 1996

அக்காவுக்கு,

அந்தப் பாட்டை எடுத்தால் புத்தகமே வேண்டாம்.

விதி உனக்குத் தெரியாததா? மூன்று ராஜாக்கள் திருநாள் ரொட்டிக்குள் வைத்துச் சுட்ட குட்டிப் பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லாருக்கும் சோள மாவை மடலில் பொதிந்து தமால் அவித்துப் போடவேண்டும். நான் இங்கே கிளம்பி வந்த வருஷம் எட்டுப் பேரும் தின்று முடித்தோம், பொம்மையைக் காணோம். பௌலினோ மாமா என்னைப் பார்த்து, "அடுப்பு வேலைக்குப் பயந்து முழுங்கிட்டா. இவளெல்லாம் ஊரை விட்டுத்தான் ஓடுவா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அது போகட்டும். நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். ஒரு வார்த்தை சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாய். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் ஊர்ப்பக்கம் வரவில்லை.

படம் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

நேலிடா


சோலூலா
7 ஜனவரி 1997

என் தங்கமே,

இத்துடன் இருபத்திரண்டு படங்களும் வருகின்றன. பத்தொன்பதாவதை முதலில் பார்.

பொம்மை என் கன்னத்துக்குள் இருந்தது. முதல் கடியிலேயே பல்லில் பட்டுவிட்டது. அந்த ஜனவரி முப்பதுக்கு நீ அங்கே போகப் பஸ் டிக்கெட் வாங்கியிருந்தாய். உன் நாற்காலி காலியாகக் கிடக்க, சிரித்த முகத்தோடு விருந்து போட என்னால் ஆகாது என்று ஒதுக்கிக்கொண்டேன். சாயங்காலம் உன்னிடம் மட்டும் காட்டிச் சிரிக்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் மாமா அப்படிப் பேசிவிட்டார். வாயைத் திறந்தால் பொம்மை விழும். அன்றைக்கு நான் பேசாததற்கு அதுதான் காரணம். ஆறு வருஷம் பேசாததற்கு நான் கோழை என்பதுதான் காரணம்.

நேற்று ரொட்டி வெட்டுவதற்கு முன்பே எல்லார் முன்னாலும் பொம்மையை மேசையில் வைத்துச் சொல்லிவிட்டேன். மாமாவுக்குப் புரையேறிவிட்டது. இருமி முடித்து, "அந்தப் புள்ளைகிட்ட நான்தானே மன்னிப்புக் கேக்கணும்" என்றார்.

பாட்டு அப்படியே இருக்கட்டும். பொம்மையைத் துணியில் முடிந்து அனுப்பியிருக்கிறேன். பிப்ரவரி இரண்டாம் தேதி எட்டுப் பேருக்குத் தமால் அவிக்கப்போகிறேன். எட்டாவது நாற்காலி யாருக்கு என்று நான் சொல்லவேண்டியதில்லை.

உன் அக்கா


சான் அன்டோனியோ
29 ஜனவரி 1997

அக்கா, என் அக்கா,

பார்சல் வந்த அன்றே படத்தை வகுப்பில் பிரித்தேன். மேசையைச் சுற்றி எட்டுப் பேர், ஒருத்திக்கு மட்டும் கன்னம் உப்பியிருக்கிறது. ஆறு வயசுப் பிள்ளைகள் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். "இந்த அக்காதான் டீச்சர், வாய்க்குள்ள வச்சிருக்கு!" பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை பார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீச்சர் அழுகிறாள் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அதுவும் பொய்யில்லை.

தொப்பிக்காரனை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அட்டையில் நம் இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வருகிறது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பொம்மையோடு சேர்த்து வாசலில் உன் கையில் கொடுப்பேன். கதவைத் திறக்கும்போது வாயில் எதையும் வைத்துக்கொள்ளாதே. நமக்குப் பேச நிறைய இருக்கிறது.

நேலிடா