அப்பாவின் மூக்கும் நீ அனுப்பிய மீட்டரும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஒருத்தரோடு ஒருத்தர் சண்டை போடும் தெம்போடு சுகமாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய மீட்டர் வந்து சேர்ந்தது. அப்பா வேலை பார்க்கும் குளிர்பதனக் கிடங்கில் குழாயிலிருந்து கசியும் அம்மோனியா வாயு காற்றில் இருபத்தைந்து பி.பி.எம். அளவைத் தாண்டினால் அது கத்தும், ஷிப்ட் முழுக்க அதுதான் வரம்பு, முப்பத்தைந்து என்றால் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவே கூடாது என்று நீ போனில் சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்பித்தேன். உன் அப்பா கேட்டால்தானே! கண்ணுல தண்ணி வந்தா அதான் லிமிட்டு, உன் மக என் மூக்குக்கே பரீட்சை வைக்கிறாளா என்றார். அங்கே அவருக்கு மூக்கண்ணன் என்றே பேர். குழாய் எங்காவது கசிந்தால் முதலில் அவர் போய் மோந்து பார்த்து, வாங்கடா என்ற பிறகுதான் மற்றவர்கள் உள்ளே போவார்களாம். அந்தப் பெருமையில் மீட்டரை ஒரு பழைய சட்டையில் குத்திக் குளியலறை ஆணியில் தொங்கவிட்டுவிட்டார். நானும் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கூத்தைக் கேள். கம்பெனி அடையாள அட்டைக்குப் புதுப் போட்டோ எடுக்கிறார்களாம். இந்த மனுஷன் எனக்குத் தெரியாமல் மலிவாக ஒரு தலைச்சாயம் வாங்கிவந்து, குளியலறை ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டு மீசைக்குப் பூச ஆரம்பித்திருக்கிறார். அந்தச் சாயத்திலும் அம்மோனியாவாமே! மீட்டர் வீறிட்ட வீறிடலில் மாடி வீட்டு டீச்சர் பதறிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். கதவைத் திறந்தால் பாதி மீசை கறுப்பு, பாதி வெள்ளை, முகத்தில் திருட்டு முழி. எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, நெடியில் கண் எரிந்து வாசலில் நிற்கவும் முடியவில்லை. அவரோ உள்ளே சாவகாசமாக நின்றுகொண்டு, என்ன நெடி, எனக்கு ஒண்ணும் அடிக்கலையே என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. பினாயில் பாட்டிலைத் திறந்து நீட்டினேன், டீச்சர் தன் சென்ட்டைக் கொண்டுவந்தார், எதுவுமே தெரியவில்லை என்கிறார். இந்த மூக்கை நம்பியா அத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று நினைத்ததும் அழுதேவிட்டேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, யார்கிட்டயும் சொல்லிடாதே, மானம் போயிடும் என்றார். மானம் போனா போகட்டும், ஒரு உயிர் போயிட்டா யார் பதில் சொல்றது என்று கேட்டேன்.

மறுநாள் மீசையை மழித்துவிட்டு, மீட்டரைச் சட்டையில் மாட்டிக்கொண்டு போனார். எல்லோரையும் கூப்பிட்டு, இனிமே என் மூக்கை நம்பி ஒருத்தனும் உள்ளே போகாதீங்கடா, எனக்கு வாசனையே தெரியல என்று அவரே சொல்லிவிட்டாராம். யாரும் சிரிக்கவில்லையாம். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேர் தனியாக வந்து, அண்ணே எங்களுக்கும் தெரியல, நீங்க இருக்கீங்கன்னுதான் சும்மா இருந்தோம் என்றார்களாம்.

எல்லோருக்கும் மீட்டர் வாங்க வேண்டுமென்று மேனேஜர் விவரம் கேட்கிறார், உடனே அனுப்பு. மூக்கு டாக்டரிடம் வர அப்பா அடம் பிடிக்கிறார், போனில் நீ ஒரு அதட்டல் போடு, நான் சொன்னதாகச் சொல்லாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வயசு நன்றாக இரு கண்ணு.

இப்படிக்கு,
மீசையில்லாத உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு மேய்க்கும்
உன் அம்மா