கரையேற்றிய விமானம்

என் உயிரான தம்பி தானியேலுக்கு,

1. நான், மில்லர்புரம் வாசியும் தூத்துக்குடி நீதிமன்றங்களில் தொழில் செய்யும் வழக்கறிஞருமான சாமுவேல். உன்னுடன் பிறந்த மூத்தவன்.

2. கீழே வருவன யாவும் நான் நேரில் கண்டவை, என் காதால் கேட்டவை.

3. நீ இறந்துவிட்டாய் என்று இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. இதுவே முதல் முறை. நம் சபையாரும் இதை வாசிக்கட்டும். கோவில் வாசலில் உன் மனைவி கிரேஸை நிறுத்தி, உன்னைப் பற்றிச் செய்தி உண்டா என்று கேட்பதை விட்டுவிடட்டும்.

வடகிழக்கு மலைகளின் மேல் மழைமேகத்துக்குள் போன உன் விமானத்தைப் பற்றி ஏழு ஆண்டுகளாக எவருக்கும் தகவல் இல்லை. அத்தனை காலம் செய்தி இல்லாதவன் உயிரோடிருக்கிறான் என்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது சட்டம். பிறருக்காக இதை நான் வாதாடியிருக்கிறேன். இறந்ததாக அறிவிக்கக் கோரும் மனுவில் உன் பெயரை எழுத மட்டும் கை வரவில்லை.

சென்ற மாதம் கிரேஸ் என் அலுவலகத்துக்கு வந்தாள். "வெள்ளை உடுத்தவா கலர் உடுத்தவான்னு தெனமும் பீரோ முன்னால நிக்க முடியல அத்தான். மனுவப் போட்டுருங்க. அதுக்கு முந்தி பிள்ளைகள்ட்ட நீங்களே சொல்லிருங்க. என் வாயால வராது."

நீ பறந்த அதே வகை விமானம் பெங்களூரில் ஓர் அருங்காட்சியகத்தில் நிற்பதாக அறிந்தேன். அதைக் காட்டி, அது எப்படிப் பறக்கிறது, எப்படி விழக்கூடும் என்று படிப்படியாக விளக்கி, இறுதியில் சொல்லிவிடலாம் என்று எண்ணினேன். பிள்ளைகள் இருவரையும் அழைத்துச் சென்றேன்.

முதலில் விண்வெளிக் கூடம். உன் மகன் ஜெபராஜ் நிலவுக்குப் போகிறவர்களின் உடுப்பைக் காட்டித் தங்கையைச் சீண்டினான். "ஏளா, ஒன்ன இதுக்குள்ள போட்டா ஒத்தக் காலுக்குள்ளயே முழுசா எறங்கிருவ." "நீ போனா நாத்தத்துல நிலாவே ஓடிரும்" என்றாள் எஸ்தர். நீ போன பின் பிறந்தவள். வாய் மட்டும் அப்படியே உன்னுடையது.

வெளியே, புல்தரையில் அந்த விமானம். சிமெண்டுக் கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்தி, எஞ்சின்களைக் கழற்றியிருந்தார்கள்.

எஸ்தர் துறைமுகத்துப் பிள்ளை. கொழும்புக்குப் போன தோணி புயலில் தொலைந்ததென்று வீட்டார் அழுது ஓய்ந்த பின், எங்கோ ஒதுங்கிக் கிடந்துவிட்டு அது வந்து சேர்ந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். பழுதான தோணியைக் கரையேற்றிக் கட்டைமேல் நிறுத்திப் பலகை மாற்றுவதைக் கண்டவள்.

"பெரியப்பா, அப்பா ஏரோப்ளேன் வந்துட்டு. கரையேத்திப் பழுது பாக்காங்க."

இது வேறு விமானம் என்று நான் சொல்லி முடிக்குமுன் காவலாளியிடம் ஓடிவிட்டாள். "அண்ணாச்சி, இதுல வந்தவங்கல்லாம் எங்க தங்கியிருக்காங்க?"

அவர் தமிழர், சிரித்தார். "யாரும் வரல பாப்பா. இதைக் கழட்டி லாரில ஏத்திட்டு வந்தாங்க."

"அப்ப எங்க அப்பாவையும் லாரிலயா கூட்டிட்டு வந்தாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அடுக்கி வைத்திருந்த விளக்கம் எதுவும் நினைவில் இல்லை. "அப்பா இறந்துட்டாங்க எஸ்தர்" என்றேன்.

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

இருபது ஆண்டுத் தொழிலில் எவரும் என்னை இப்படிக் குறுக்கு விசாரணை செய்ததில்லை. "யாரும் சொல்லல" என்றேன். அதுதானே உண்மை?

"அப்ப நீங்க பொய் சொல்லுதீங்க."

ஜெபராஜ் அவள் கையைப் பிடித்தான். "வாளா, ஐஸ் வாங்கித் தாரேன்." போகும்போது என்னிடம் மெதுவாக, "எனக்குத் தெரியும் பெரியப்பா. நீங்களாச் சொல்லட்டும்னுதான் இருந்தேன்" என்றான். எத்தனை காலமாக என்று கேட்க எனக்குத் துணிவில்லை. விமானத்தின் சக்கரத்தருகே உட்கார்ந்து அழுதேன், தம்பி. காவலாளி மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

எந்த மலை அது? குளிர்ந்ததா? கடைசியில் யாரைக் கூப்பிட்டாய்?

திங்களன்று மனுத் தாக்கல் செய்வேன். கூண்டில் ஏறி, ஏழு ஆண்டுகளாக உன்னிடமிருந்து செய்தி இல்லை என்று சத்தியம் செய்வேன். உன் பிள்ளைகள் என் பிள்ளைகள். எஸ்தர் எத்தனை முறை கேட்டாலும், எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக அவளிடம் சொல்லமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ இல்லாத போதும் உன் அண்ணனாகவே இருப்பவன்,
சாமுவேல்

சாட்சிகள்:
1. கிரேஸ், மனைவி.
2. ஜெபராஜ், மகன்.
3. எஸ்தர், மகள். வாசித்துக் காட்டப்பட்டது. கையெழுத்திட மறுத்துவிட்டாள்.